மில் வாசல்வரை போன கட்டளை

“வாப்பா கைநாட்டு. மகள் வழக்குப் பேச வந்திரிக்கா. இவக்கிட்டயா நாம தோக்கப் போறம்?”

தொழில் நியாய சபையின் விறாந்தையில் ஓர் அரிசி மில்லின் முதலாளி தன் சட்டத்தரணியிடம் இப்படிச் சொன்னார். சட்டத்தரணியின் காதுக்குச் சொன்னதல்ல. என் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னார். நானும் திரும்பிப் பதில் சொன்னேன்.

“ஓம் ஹாஜியார், வாப்பா கைநாட்டுத்தான். ஆனா அவர் பெருவிரல வைக்க முன்னுக்கு ஆரையாவது வாசிக்கச் சொல்லிக் கேப்பார். நீங்க வாசிக்காமலே ஒப்பம் வெச்சிரிக்கீங்க. உங்கட மறுமொழியில முதல் பக்கத்துல அந்தப் பொம்புள உங்கட மில்லுல வேல செய்யவே இல்ல எண்டு இரிக்கி. ரெண்டாம் பக்கத்துல வேல சரியில்ல எண்டு நிப்பாட்டினதா இரிக்கி.”

அவருடைய சட்டத்தரணி இருமினார். ஹாஜியார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் ஒரு தொழிற்சங்கத்தின் கல்முனைக் கிளையில் தொழிலாளர் பிரதிநிதியாக வேலை செய்தவள். ‘செய்தவள்’ என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. தலையில் ஒரு நரைகூட இல்லை. ஆனாலும் அந்த மேசையை விட்டு எழுந்துவிட்டேன், இனித் திரும்ப மாட்டேன். எனக்குப் பிறகு அங்கே வந்திருக்கும் ஸப்னா என்ற தங்கச்சி தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாள்: “ராத்தா, நியாய சபை குடுக்கிற கட்டள இறுதியா, இல்லியா? சட்டம் ஒரு மாதிரிச் சொல்லுது, முதலாளிமார் வேற மாதிரிச் சொல்றாங்க.” ஒரு வசனத்தில் பதில் சொல்ல முயன்றேன், முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது சாய்ந்தமருதில். வாப்பா கடலுக்குப் போகிறவர், உம்மா வீட்டில் இடியப்பம் அவித்து விற்றவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்லும்படி சிலர் எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். பெருமையாகத்தான் சொல்வேன். உயர்தரம் முடிந்ததும் சங்கக் கிளையில் தட்டச்சு செய்யப் போனேன். சனி, ஞாயிறுகளில் தொழிற்சட்ட வகுப்பு. மற்றவர்கள் சொல்லச் சொல்ல மனுக்களைத் தட்டினேன், பிறகு நானே மனு எழுதத் தொடங்கினேன், அதன் பிறகு நியாய சபையில் எழுந்து நின்று பேசத் தொடங்கினேன். எங்கள் நாட்டுச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. நியாய சபையில் தொழிலாளிக்காகப் பேசுவதற்குக் கறுப்புக் கோட்டு வேண்டியதில்லை, அவருடைய சங்கத்தின் பிரதிநிதி பேசலாம்.

கிளைச் செயலாளராக இருந்தவர் தாஹிர் சேர். அவருடைய நடைமுறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வழக்கு நாளில் எல்லோருக்கும் முன்பே வந்துவிடுவார். வெள்ளைச் சேர்ட்டின் கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருப்பார். எங்கள் தொழிலாளியிடம் போகமாட்டார், முதலில் எதிர்த்தரப்பு முதலாளியிடம் போய் ஸலாம் சொல்லி, பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே பிளேன்டீ ஆறுவதற்குள் பாதி வழக்குகள் முடிந்துவிடும். திரும்பி வந்து தொழிலாளியின் தோளில் கை வைத்து, “சமாதானத்த விடப் பெரிய தீர்ப்பு இல்ல மகன்” என்பார். என்னை ஆட்களுக்கு முன்னால் ‘மகள்’ என்று கூப்பிடுவார். நான் கோபம் வரச் செய்தால் ‘ஒஃபிசர்’ என்று கூப்பிடுவார். என் கடைசிக் காலத்தில் அவருக்கு நான் பெரும்பாலும் ஒஃபிசர்தான். அவர் கெட்டவர் அல்ல, அவருடைய சமாதானத்தால் அடுப்பு எரிந்த வீடுகள் எத்தனையோ உண்டு. ஆனால் முதலாளியோடு பிளேன்டீ குடித்துப் பழகிய ஒருவருக்கு, தொழிலாளி ‘வேண்டாம்’ என்று சொல்லலாம் என்பதே மறந்துபோகும்.

‘இறுதி’ என்ற சொல்லை நான் முதலில் தவறாகப் புரிந்துகொண்டது ஓர் ஐஸ் தொழிற்சாலை வழக்கில். பாலமுனைப் பக்கத்துத் தொழிலாளர் சிலருக்கும் முதலாளிக்கும் வேலை நேரம் பற்றிப் பிணக்கு. அதை விசாரித்துத் தீர்க்க ஒரு நடுவரிடம் விட்டார்கள், நடுத்தீர்ப்பு என்போம். நடுத்தீர்ப்பாளர் எங்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். அதற்கு மேன்முறையீடு இல்லை என்று வகுப்பில் படித்திருந்தேன். ஆகவே தொழிலாளர்களைக் கூட்டி, “இது இறுதி, இனி அசைக்க ஏலாது” என்றேன். அவர்கள் கடற்கரையில் பிரியாணி சமைத்துச் சாப்பிட்டார்கள்.

முதலாளி மேன்முறையீடு செய்யவில்லை. கொழும்புக்குப் போய், தீர்ப்பு வந்த முறையே பிழை என்று நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்டார். நடுத்தீர்ப்பாளர் இழுத்தடிப்பு என்று சலித்து, முதலாளியின் கடைசிச் சாட்சியைக் கேட்காமலே விசாரணையை மூடியிருந்தார். தீர்ப்பு நல்லதா கெட்டதா என்று நீதிமன்றம் பார்க்கவே இல்லை. ஒரு தரப்பைக் கேட்காமல் எழுதிய தீர்ப்பு என்று சொல்லி ரத்துச் செய்துவிட்டது. தொழிலாளர்களில் மூத்தவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, “என்ன புள்ள, பிரியாணிய நாங்க முந்தித் திண்டுட்டமா?” என்று கேட்டார். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்தத் தீர்ப்பை அகராதியோடு உட்கார்ந்து வாசித்தேன். அன்றைக்கு விளங்கியதை எங்கள் விவசாயிகளுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். வயலுக்குத் தண்ணி முறை வைப்பவர் வட்டவிதானை. உன் வயலுக்கு எவ்வளவு தண்ணி என்று அவர் சொன்னால் சொன்னதுதான். கூடக் குறைய என்று மேலே போய் வாதாட முடியாது. ஆனால் அவர் வரம்பில் இறங்காமல், உன்னை ஒரு வார்த்தை கேட்காமல், வீட்டிலிருந்தே முறை வைத்தால், அதை மேலே போய்ச் சொல்லலாம். மேலே இருப்பவர் தண்ணியை அளக்க மாட்டார், வரம்பில் கால் பட்டதா என்று மட்டும் பார்ப்பார். நீதிமன்ற மீளாய்வு என்பது இவ்வளவுதான். ஆகவே நமக்கு வெற்றி வேண்டும் என்றால் எதிராளியின் பேச்சும் முழுதாகக் கேட்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் வெற்றியிலேயே ஓட்டை இருக்கும், அது வழியாக அவர் வெளியே போய்விடுவார்.

இனி ஜெஸீமாவின் வழக்கு.

ஜெஸீமா சவளக்கடைக்கு அப்பால் இருந்த அந்த ஹாஜியாரின் மில்லில் வேலை செய்தவள். கணவன் இல்லை, ஒரு மகள் இருக்கிறாள். மில்லில் மெஷினை ஓட்டும் பெல்டுக்கு ஓர் இரும்பு மூடி இருக்க வேண்டும். அது கழற்றிக் கிடந்தது. ஒரு நாள் அவளோடு வேலை செய்த ரஹ்மத்தின் முக்காட்டுத் துணி பெல்டில் சிக்கி, அதை இழுக்கப் போன கையும் சிக்கிவிட்டது. விசாரிக்க வந்த தொழில் அதிகாரியிடம் மற்றவர்கள் எல்லோரும் “நாங்க காணல்ல” என்றார்கள். ஜெஸீமா மட்டும், “மூடி போன போகத்துக்கு முன்னமே கழட்டினது” என்று சொன்னாள். அடுத்த கிழமை அவளை வாசலில் மறித்துவிட்டார்கள்.

எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, நட்டஈடா, மீண்டும் வேலையா, எது வேண்டும் என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் மனு எழுதுவதில்லை.

“வேலதான் வேணும். அதே மில்லுல, அதே இடத்துல.”

“ஏன்? அந்த மனிசன்ட முகத்துல முழிக்கப் போறீங்களா?”

“அவர்தான் என்ட முகத்துல முழிக்கோணும். காசத் தந்து அனுப்பினா ஊர் என்ன கதைக்கும்? பொய் சொல்லி மாட்டினவ, பாவம் பாத்து ஏதோ குடுத்தாங்க எண்டுதான். நான் கண்டதச் சொன்னன். கண்டதச் சொன்னவ உள்ளுக்கு இரிக்கோணும்.”

விசாரணையில் ஹாஜியாரின் முக்கிய சாட்சி மெஷின் ஓட்டுநர். சாட்சி சொல்ல வேண்டிய நாளில் அவர் வரவில்லை. சட்டத்தரணி வேறொரு நாள் தரும்படி தவணை கேட்டார். ஏற்கனவே இரண்டு தவணை கொடுத்தாயிற்று. சபைத் தலைவர் முகத்தைச் சுளித்து, விசாரணையை முடித்துவிடுவோமா என்று என்னைப் பார்த்தார். ‘ஓம்’ என்றால் போதும், அன்றே முடிந்திருக்கும்.

நான் எழுந்து, “தவணை கொடுப்பதில் ஆட்சேபனை இல்லை” என்றேன். “எங்கள் சம்மதத்தோடு கொடுக்கப்பட்டதாகப் பதிவில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

பக்கத்தில் இருந்த தாஹிர் சேர் என் மேசைப் பக்கம் சாய்ந்தார். “எதிரிக்கு நீயே கதிர போடுறியா?”

“போட்டாத்தான் சேர், நிக்க வெச்சாங்க எண்டு அவர் பிறகு சொல்ல ஏலாது.”

“நல்லாப் போடுங்க ஒஃபிசர். தலகாணியும் வெச்சுக் குடுங்க.”

வெளியே வந்ததும் ஜெஸீமா அதைவிட மோசமாகக் கேட்டாள். “என்னகா இது? உங்களுக்கு அவர் சொந்தமா? ரெண்டு பஸ் மாறி வாறன் நான்.” விளங்கப்படுத்தினேன். முழுதாக நம்பவில்லை. ஆனால் அடுத்த தவணைக்கும் வந்தாள்.

மெஷின் ஓட்டுநரும் வந்தார். மூடியைத் துப்புரவாக்குவதற்காக அன்றைக்கு மட்டும்தான் கழற்றியதாகச் சொன்னார். என் முறை வந்தது. மில் வேலை எனக்குத் தெரியாது. ஆனால் முந்தின கிழமை ஜெஸீமாவோடு வேறொரு மில்லுக்குப் போய் மூடியையும் ஆணியையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

“மூடிய எதால பூட்டியிரிக்கி?”

“ஆணியால.”

“கழட்டின ஆணிய எங்க வெச்சீங்க?”

“தகரப் பேணி ஒண்டுல.”

“அந்தப் பேணி இப்ப எங்க இரிக்கி?”

அவர் யோசித்தார். “அது... ஆணியெல்லாம் துருப் புடிச்சிட்டு. வீசின.”

“ஒரு நாளைக்குள்ள துருப் புடிச்சதா?”

அவர் ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார். பிறகு ஓட்டுநர் தலையைக் குனிந்து, “மூடி போட்டா பெல்டு மாத்துறது கரைச்சல் மிஸ். அவசர வேல நேரத்துல போடுறல்ல” என்றார். எங்கள் பக்கத்துச் சாட்சி பத்துப் பேர் சொல்லியிருந்தாலும் இதற்கு ஈடாகாது. அவரைக் கூப்பிடாமல் விட்டிருந்தால் இது பதிவிலேயே இருந்திருக்காது.

சபையின் கட்டளை வந்தது. ஜெஸீமாவை அதே வேலையில் மீண்டும் அமர்த்த வேண்டும். எந்தச் சாட்சியை ஏன் நம்பினார் என்பதைத் தலைவர் ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். இந்தத் தடவை நான் யாருக்கும் ‘இறுதி’ என்று சொல்லவில்லை. பிரியாணியும் இல்லை.

எதிர்பார்த்தபடியே ஹாஜியார் மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்தார். அங்கே சட்டக் கேள்வி ஒன்றில் மட்டுமே போகலாம். மூடி இருந்ததா இல்லையா என்று திரும்பக் கிளற முடியாது. தன் தரப்பைச் சரியாகக் கேட்கவில்லை என்பதுதான் அவர்களுடைய முதல் வாதம். பதிவைப் புரட்டினால், இன்னுமொரு தவணை எங்கள் சம்மதத்தோடு கொடுத்ததாக எழுதியிருந்தது. நிற்க இடமில்லாமல் போனது.

ஆனால் எனக்கும் அங்கே நிற்க இடமில்லை. மேல் நீதிமன்றத்தில் சங்கப் பிரதிநிதி பேச முடியாது, சட்டத்தரணி மட்டுமே பேசலாம். வழக்கின் ஒவ்வோர் எழுத்தும் என் கையால் வந்தது. ஆனால் அந்த வாசலைத் தாண்டியதும் நான் வேடிக்கை பார்க்க வந்தவள்தான். சங்கம் ஒரு சட்டத்தரணியை அமர்த்தியது. நல்லவர், வேலை தெரிந்தவர், ஆனால் ஜெஸீமாவை அவர் பார்த்தது இரண்டே தடவைதான்.

சட்டத்தில் இடம் கிடைக்காத ஹாஜியார் ஊரில் இடம் தேடினார்.

எங்கள் ஊர்களில் பிணக்குகளைப் பள்ளிவாசலில் வைத்துத் தீர்ப்பது நெடுங்கால வழக்கம். ஒவ்வொரு குடிக்கும் தலைவராக ஒரு மரைக்காயர் இருப்பார். அவர்கள் கூடி இரண்டு தரப்பையும் பேச வைத்து, ஒத்துவந்தால் நபியின் மேல் ஸலவாத் சொல்லி முடித்து வைப்பார்கள். அதை ஸுல்ஹ் என்போம். ஸலவாத் சொல்லி முடித்த பிணக்கை மறுபடி கிளறுவது பெரிய அவமானம். நல்ல வழக்கம்தான். நான் குறை சொல்ல வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, பள்ளிவாசல் அலுவலக அறையில் ஜெஸீமாவின் விடயத்துக்கு ஸுல்ஹ் நடந்தது. ஹாஜியார் இருந்தார். மரைக்காயர்மார் இருந்தார்கள். ஜெஸீமாவுக்குப் பதிலாக அவளுடைய அண்ணன் ஹனிபாக் காக்கா இருந்தார். எங்கள் தாஹிர் சேரும் இருந்தார். ஜெஸீமா இல்லை. அவளுக்குத் தெரியவும் தெரியாது.

எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். ஜெஸீமாவின் மகளுக்கென்று எழுப்பிய வீடு, யன்னல் மட்டத்துக்கு மேலே ஏறாமல் நின்றது. அதை ஓடு போட்டு முடித்துத் தருவதாக ஹாஜியார் சொன்னார். வேலைக்குத் திரும்பப் போகக் கூடாது, கட்டளையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஹனிபாக் காக்கா தலையாட்டினார். ஸலவாத் சொன்னார்கள். பிஸ்கட்டும் தேத்தண்ணியும் வந்தன.

சனிக்கிழமை காலையில் தாஹிர் சேர் எனக்குச் சொன்னார். “வழக்கு முடிஞ்சிட்டு மகள். அல்ஹம்துலில்லாஹ். சட்டத்தரணிக்கிட்ட சொல்லி கட்டளைய விட்டுக்குடுக்கச் சொல்லு.”

“ஜெஸீமா என்ன சொன்னா சேர்?”

“அவட காக்கா இருந்தாரே.”

“காக்காவையா வாசல்ல மறிச்சாங்க?”

“மகள், ஸலவாத் சொல்லி முடிஞ்ச விசயம். இத உடைச்சா ஊர உடைக்கிறமாதிரி.”

“ரெண்டு ஆக்கள் இருந்தாத்தான் சேர் ஸுல்ஹ். நீங்க ஒராளோட ஸுல்ஹ் வெச்சிரிக்கீங்க.”

அவர் என்னை ஒஃபிசர் என்றுகூடச் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் நேரே சவளக்கடைக்குப் பஸ் ஏறினேன். ஜெஸீமாவின் வீட்டில் ஹனிபாக் காக்காவும் இருந்தார். விடயத்தை அப்போதுதான் சொல்லி முடித்திருக்கிறார் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. மகள் வாசலில் நின்று, தனக்கென்று எழுப்பிய சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவ எதுக்கு வந்திரிக்கா?” என்றார் காக்கா.

“கேக்க வந்தன் காக்கா. நீங்க கேட்டீங்களா?”

“கேக்கிறதுக்கு என்ன இரிக்கி? நான்தான் இவட வொலி. நிக்காஹ்வுக்கும் நான்தான் இருந்தன். வாப்பா மௌத்தானதுல இருந்து இவட காரியம் எல்லாம் என்ட கையாலதான்.”

நிக்காஹ்வில் பெண்ணுக்காகப் பொறுப்பு நின்று பேசும் ஆணைத்தான் வொலி என்போம். மார்க்கம் அதைக் கல்யாணத்துக்கு வைத்தது. எங்கள் ஆண்கள் அதைக் கரண்ட் கட்டணம் முதல் கட்டளை வரைக்கும் நீட்டிவிட்டார்கள். மரைக்காயர்மாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நான் நினைக்கவில்லை. ஒரு பெண்ணின் விடயம் என்றால் அவளுடைய காக்காவைக் கூப்பிட வேண்டும் என்பது அவர்களுக்கு மூச்சு விடுவதுபோல. எங்கள் ஊர் அல்லாத ஒருவர் இந்தப் பிழையைச் செய்திருக்கவே மாட்டார்.

நான் ஜெஸீமாவிடம் சொன்னேன். “வீடு வேணுமெண்டா எடுங்க. புள்ளைக்கி வீடு சின்ன விசயம் இல்ல. நான் கோவிக்க மாட்டன், வழக்க நானே முடிச்சுத் தாறன். ஆனா அத நீங்கதான் சொல்லோணும்.”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால், அவள் வேலை என்றே சொல்ல வேண்டும் என்றிருந்தது எனக்கு. அவள் வீட்டைக் கேட்டால் அது அவளுடைய உரிமை, நான் மனதுக்குள் முறுகிக்கொண்டாவது முடித்துக் கொடுத்திருக்க வேண்டும்.

“பாத்தீங்களா?” என்றார் காக்கா. “சும்மா இரிக்கா. சும்மா இருந்தா சம்மதம்தான்.”

ஜெஸீமா நிமிர்ந்தாள். “நிக்காஹ்வுக்கு சும்மா இருந்தன் காக்கா. அது எனக்குப் புடிச்சிருந்திச்சு. இது எனக்குப் புடிக்கல்ல.”

“வீடுகா, வீடு. யோசிச்சுக் கதை. ஓடு ஏறினாப் புள்ளைய நாளைக்கே கேட்டு வருவாங்க.”

“அந்த வீட்டுல இருந்துட்டு நான் ரஹ்மத்துட முகத்த எப்பிடிப் பாக்கிற? அவட கைய வெச்சு எனக்கு ஓடு போடுறதா?”

காக்கா ஏசினார். ஸலவாத்தை முறித்தவள் என்ற பேர் வரும் என்றார், இனித் தன் வாசலுக்கு வரக்கூடாது என்றார். மகள் திரும்பி, “மாமா, தேத்தண்ணி போடவா?” என்று கேட்டாள். அந்த வீட்டில் அந்த நேரத்தில் கெட்டித்தனமான வார்த்தை அது ஒன்றுதான். காக்கா தேத்தண்ணி குடிக்காமல் போனார்.

மேன்முறையீடு விசாரணைக்கு வந்த நாளில், ஹாஜியாரின் சட்டத்தரணி எழுந்து, பிணக்கு சமாதானமாக முடிந்துவிட்டது, ஆகவே கட்டளையை நீக்கிவிடலாம் என்றார். பெண்ணின் சார்பில் அவளுடைய சகோதரர் பள்ளிவாசலில் ஒப்புக்கொண்டார், சங்கச் செயலாளரே சாட்சி என்றார். எங்கள் சட்டத்தரணி மறுத்தார். ஆனால் மறுத்த விதம் எனக்குப் போதவில்லை. ‘தொழிலாளியிடமிருந்து எனக்கு அப்படி அறிவுறுத்தல் இல்லை’ என்றார், ‘நடைமுறை ஒழுங்கு’ என்றார். ஸுல்ஹில் அவள் இருக்கவில்லை என்ற அந்த ஒரே ஒரு விடயத்தைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தார். நான் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து பற்களைக் கடித்துக்கொண்டிருந்தேன். எழுந்து நின்றால் வெளியே அனுப்பிவிடுவார்கள். துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்பினேன். அவர் அதை வாசித்து, மடித்து, கோவைக்குள் வைத்துக்கொண்டார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “அந்தப் பெண் வந்திருக்கிறாரா?”

ஜெஸீமா எழுந்து நின்றாள்.

“உங்கள் சகோதரர் சமாதானத்துக்கு ஒத்துக்கொண்டாரா?”

“ஓம் சேர்.”

ஹாஜியாரின் சட்டத்தரணி பாதி எழுந்தார்.

“நீங்கள் ஒத்துக்கொண்டீர்களா?”

“என்னட்ட ஆரும் கேக்கல்ல சேர்.”

“இப்போது நான் கேட்கிறேன்.”

“எனக்கு வேலதான் வேணும்.”

மேன்முறையீடு தள்ளுபடியானது. மூடி பற்றி நியாய சபை கண்டது கண்டதுதான், அதில் சட்டக் கேள்வி எதுவும் இல்லை, ஒரு தரப்பு இல்லாமல் செய்த சமாதானம் கட்டளையைத் தொடாது என்று நீதிபதி சொன்னார். விறாந்தையில் ஹாஜியார் எங்களைக் கடந்து போகும்போது, “கொழும்பு இரிக்கி” என்றார்.

“ஓம் ஹாஜியார், இரிக்கி. போங்க” என்றேன். அது அவருடைய உரிமை. கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்ய அனுமதி கேட்கலாம். ஆனால் அனுமதி கேட்பது வேறு, கட்டளையை நிறுத்துவது வேறு. நிறுத்தும்படி எவரும் சொல்லாதவரை அது நின்றுகொண்டுதான் இருக்கும்.

அடுத்த வேலை நாளில் ஜெஸீமாவும் நானும் மில் வாசலுக்குப் போனோம். காவலாளி கேற்றின் இடைவெளியால் தலையை நீட்டினார்.

“ஹாஜியார் கொழும்புல வழக்குப் போட்டிரிக்காராம். உள்ள விட வேணாமாம்.”

“நிப்பாட்டச் சொல்லிக் கட்டள வந்திரிந்தாக் காட்டச் சொல்லுங்க. கண்ட உடன திரும்பிப் போறம். வரல்ல எண்டா நான் இங்க இருந்து நேரா தொழில் அதிகாரிட கந்தோருக்குப் போறன். கட்டளைய மீறினா அது குற்றம், அதுக்கு வேற நீதிமன்றம் இரிக்கி.”

அவர் உள்ளே போனார், வந்தார், மறுபடி போனார். எங்களுக்குப் பின்னால் நெல் மூட்டை ஏற்றிய லொறி ஒன்று வந்து நின்று ஹோர்ன் அடித்தது. சாரதி எட்டிப் பார்த்தார். “போறதெண்டா போங்க ராத்தா, இல்லாட்டி விலகுங்க. வெயில்ல நெல்லும் காயுது, நானும் காயுறன்.”

“எங்களுக்கும் போகத்தான் ஆச தம்பி,” என்றாள் ஜெஸீமா. “கேற்றுக்கிட்ட சொல்லு.”

சாரதி கையை ஹோர்னிலிருந்து எடுக்கவே இல்லை. உள்ளே இருந்து யாரோ கத்தினார்கள். லொறிக்காகக் கேற்றைத் திறந்தார்கள். லொறியின் பக்கத்தில் சாதாரணமாக, சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, ஜெஸீமா நடந்து உள்ளே போனாள். காவலாளி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கேற்றைச் சாத்தினார். பின்னேரம் தொலைபேசியில் பேசினாள். அதே இடத்தில் வேலை கொடுத்துவிட்டார்களாம். பெல்டுக்குப் புது மூடி போட்டிருக்கிறார்களாம், பச்சை நிறப் பெயின்ற் அடித்து. ரஹ்மத்துக்கும் சொல்லிவிட்டாளாம்.

ஸப்னா, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். கட்டளை இறுதியா என்று காகிதத்தைப் பார்த்துக் கேட்காதே. எதிராளியை முழுதாகப் பேசவிட்டாயா, உன் ஆளை அவள் வாயால் பேசவிட்டாயா என்று உன்னையே கேள். இரண்டுக்கும் ஓம் என்றால், அவர் எந்த நீதிமன்றத்துக்கும் போகட்டும். அதற்குப் பயந்து முன்கூட்டியே தேத்தண்ணிக் கடைக்குப் போகாதே.

ஹாஜியாரின் அனுமதி விண்ணப்பம் இன்னும் கொழும்பில் இருக்கிறது. அங்கேயும் ஜெஸீமாவுக்காக யாரோ ஒருவர்தான் பேசுவார், நான் பேச முடியாது. இதற்குமேல் எத்தனை வழக்குக்குத் துண்டுக் காகிதம் எழுதி அனுப்புவது?

கடைசியாகத் தாஹிர் சேரைப் பார்க்கப் போனேன். அவர் என் ராஜினாமாக் கடிதத்தை வாசித்துவிட்டு மேசையில் வைத்தார்.

“சட்டக் கல்லூரியா? கொழும்புக்கா? தனியவா?”

“ஓம் சேர்.”

“வாப்பா என்ன சொன்னார்? வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டு ஒருக்காக் கதைப்பமே. அவசரப்படாம ஒரு முடிவுக்கு வரலாம்.”

“கதைங்க சேர். நான் பதிஞ்சிட்டன். வகுப்பு போன கிழமையே தொடங்கிட்டு. அங்க லீவு எடுத்துக்கிட்டுத்தான் இந்தக் கடிதத்தத் தர வந்தன்.”